சத்தம் போடுகிற கேமரா

அந்த செஸ் கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சடக்கு என்றால்தான் தெரியும். கழுத்தில் தொங்கும் கேமரா படம் எடுக்கும்போது போடுகிற சத்தமே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பலகையை முறைத்துக்கொண்டிருக்கும் அறையில், ஏதோ ஒரு மூலையிலிருந்து 'சடக்' என்று கேட்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மின்விசிறி முனகுவது மாதிரி அதுவும் பழகிப்போயிருந்தது.

பிழைப்புக்கு அவன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவன். ஊசி குத்தும்போது கையைப் பார்க்கிறவன் கற்றுக்குட்டி, முகத்தைப் பார்க்கிறவன்தான் தொழில்காரன் என்று பீற்றிக்கொள்வான். பீற்றலில் உண்மையும் உண்டு. மயக்கம் போட்டு விழப்போகிற ஆளை, அந்த ஆளுக்கே தெரிவதற்கு முன்னால் இவன் கண்டுபிடித்துவிடுவான். முதலில் மேலுதடு வெளுக்கும். பிறகு தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கும். அவ்வளவுதான், "தலையைக் குனிங்க சார்" என்று இவன் கை அவர் பிடரிக்குப் போயிருக்கும்.

போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வான். சுத்தப் பொய். அவன் மனைவி செஸ் ஆடுகிறவள். ஆட்டம் நடக்கும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். உள்ளே நிற்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். அதற்காகத்தான் இருப்பதிலேயே விலை குறைந்த ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கி மாட்டிக்கொண்டு, செஸ் சங்கத்துக்குச் சம்பளமில்லாத போட்டோகாரன் ஆனான். செஸ்ஸில் குதிரை கோணலாகத் தாவும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. மனைவி ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அதற்கு மேல் வேறு ஆசை இல்லை.

அவள் பஸ் டிப்போவில் வேலை பார்த்தாள். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று முறை போடுகிற வேலை. நாற்பதைத் தொடப்போகிறாள். வருடா வருடம் நடக்கும் இந்தப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு நகர அணியில் இடம் உண்டு. அணியில் சேர்ந்தால் வெளியூர் வெளிநாடு என்று போய் ஆடலாம். அவள் நான்காவதாக வந்து வந்து சலித்துப்போயிருந்தாள். "இந்த வருஷமும் விட்டா இனிமே எனக்கு இல்லைங்க" என்று போட்டி தொடங்குவதற்கு முன்பே சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னபோது அவள் குரல் கம்மிப்போனது.

போட்டி இரண்டு வாரக் கடைசிகளில் நடந்தது. முதல் வார ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஒரு பல் டாக்டர் தோற்றார். தோற்றவர் மரியாதையாகக் கை கொடுத்துவிட்டு, நேரே நடுவர் அம்மாவின் மேஜைக்குப் போனார்.

"மேடம், நான் தப்பா நகர்த்தின ஒவ்வொரு தடவையும் அந்த கேமரா சத்தம் போட்டுது. ஒழுங்கா ஆடினப்ப ஒரு தடவைகூட போடல. இத நீங்க கொஞ்சம் விசாரிக்கணும்."

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சடக்குக்கு வாய் சும்மா இருக்குமா? "டாக்டர்கிட்ட பல்லப் புடுங்கிக்கிறவங்க கத்துறதுதான் வழக்கம். இன்னிக்கு டாக்டரே கத்துறாரு" என்றான். கூடம் மொத்தமும் சிரித்தது.

நடுவர் அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், அவருக்கு ஆட்டமே தெரியாது. யானைய வெளிய எடுத்து வெச்சாகூட, ஏன் வெச்சாங்கன்னு கேக்கிற ஆளு. அவரு எங்க போய் சைகை காட்டுறது?"

டாக்டர் அவன் மனைவியைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதா இல்லையா?"

"ஆடும்போது எனக்கு ஒண்ணுமே காதுல விழாது சார். பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது" என்றாள் அவள்.

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். சடக்கு தன் நகைச்சுவையைப் பஸ்ஸில் இன்னும் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. ஆடிய களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் வேலைக்குப் போனவனுக்குக் காலையிலேயே ஒரு ஆள் வந்து வாய்த்தார். ஆள் மலை மாதிரி இருந்தார், ஊசியைக் கண்டதும் மேலுதடு வெளுத்தது. தொண்டை ஏறி இறங்கியது. "தலையைக் குனிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தான் சடக்கு. அதற்குள் அவனுடைய வலது ஆள்காட்டி விரல் தானாகக் கீழே ஒரு அழுத்து அழுத்தியது. காற்றில்தான். கையில் கேமரா இல்லை.

அந்த ஆளைக் குனிய வைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிய பிறகும் சடக்கு தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்தால் அழுத்துகிற விரல் இது. ரத்தம் கொடுக்க வந்தவர் முகமா, தப்பாகக் காய் நகர்த்திவிட்டு உள்ளுக்குள் செத்துப்போகிறவர் முகமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நல்ல படம் வேண்டுமென்றால் முகத்தில் ஏதாவது நடக்க வேண்டும், முகத்தில் ஏதாவது நடந்தால் அவன் அழுத்துவான். இத்தனை வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

'ஆனால் அவளுக்குத்தான் காதில் விழாதே' என்று சொல்லிக்கொண்டான். அதற்குப் பிறகும் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வேளையில் சாப்பிடாமல் கேமரா கடைக்கு நடந்தான்.

கடைக்காரன் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வாய் திறந்தால் மூட மாட்டான். சடக்கு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: சத்தம் போடாத கேமரா ஏதாவது இருக்கிறதா? கடைக்காரன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இவனுடைய பழசில் பாதி கனம்கூட இல்லாத ஒன்றை எடுத்துக் கையில் வைத்தான்.

"இது மிரர்லெஸ். இதுலயும் தொடக்கக்காரங்க மாடல்தான், பயப்படாத. உன் டிஎஸ்எல்ஆருக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. நீ ஓட்டை வழியா பாக்கிறது அந்தக் கண்ணாடியில விழுந்து மேல வர்ற வெளிச்சம். அழுத்தினா கண்ணாடி மேல எகிறும், படம் விழும், திரும்பக் கீழ வரும். அந்த எகிறலோட சத்தம்தான் உன் பேரு."

"இதுல?"

"இதுல கண்ணாடியே கிடையாது. நீ பாக்கிறதே ஒரு குட்டித் திரை. படம் எப்படி விழப்போகுதோ அப்படியே முன்னாடியே தெரியும். வெளிச்சம் கூடவா குறைவான்னு குழம்ப வேண்டாம். கண்ணைத் தேடிப் பிடிச்சு அதுவே ஃபோகஸ் பண்ணும். சத்தம் வேணும்னா வெச்சுக்கலாம், வேண்டாம்னா அமத்திடலாம். பூனை நடந்தாகூட இதைவிடச் சத்தம் கேக்கும்."

"அப்ப பழசு எதுக்கும் லாயக்கில்லைங்கிற?"

"அப்படிச் சொன்னேனா? பழசுல பேட்டரி ஒரு நாள் பூரா உழைக்கும். இது அரை நாள்ல மூச்சு வாங்கும், கையில இன்னொண்ணு வெச்சிருக்கணும். பழசுக்கு லென்ஸ் சல்லிசா கிடைக்கும். உன் கைக்குப் பிடி நல்லா இருக்கும். சில டியூப் லைட்டுக்குக் கீழ சத்தத்த அமத்தி எடுத்தா படத்துல கோடு கோடா விழும், அதையும் சொல்லிடுறேன். அப்புறம் என் கடைக்குக் கெட்ட பேரு வேண்டாம்." கேமராவை அவன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஆனா ஒண்ணு. பழசுல நீ அழுத்துற அந்த நொடிய நீ பாத்ததே இல்ல. கண்ணாடி மேல போனதும் உனக்கு இருட்டு. இதுல இருட்டு கிடையாது. எல்லாத்தையும் பாக்கலாம்."

ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்தால் வாங்கிக்கொள் என்று கொடுத்தனுப்பினான். வெள்ளிக்கிழமை வரை அது அவன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப் போக ஏனோ கை வரவில்லை. எடுத்துப் போன அன்று, மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்போ புதுசு?"

"பழசு கழுத்த அறுக்குது. அஞ்சு மணி நேரம் தொங்க விட்டா பிடரி விட்டுப்போகுது."

"இது சத்தம் போடுமா?"

"அமத்திக்கலாம்."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "நல்லதுதான்" என்றாள். "அந்த டாக்டர் வாயும் அடங்கும்."

சனிக்கிழமை அவளுக்கு எதிரே ஒரு வங்கி அதிகாரி. சடக்கு புதுக் கேமராவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றான். பஞ்சு மாதிரி இருந்தது. அழுத்தினால் ஒன்றும் கேட்கவில்லை, விழுந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தான். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடுவர் அம்மா இரண்டு தடவை கண்ணாலேயே அதட்டினாள்.

வங்கிக்காரர் குதிரையை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். அழுத்திய கை அந்தரத்தில் நின்றது. மேலுதடு வெளுத்தது. தொண்டை ஏறி இறங்கியது.

விரல் அதன் வேலையைச் செய்தது. சத்தம் இல்லை.

பழைய கேமராவாக இருந்தால் 'சடக்' என்றதும் அதைக் கீழே இறக்கி, பின்பக்கத் திரையில் படம் எப்படி வந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பான். இதில் அதற்கு அவசியமே இல்லை, கண்ணை எடுக்காமலே எல்லாம் தெரிந்தது. அப்படியே மனைவி பக்கம் திருப்பினான். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கழுத்து அவன் நின்ற பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. அடுத்த அறையில் இருந்துகொண்டு குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிறவள் கழுத்து மாதிரி. ஒரு காது மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சடக்கு கேமராவை அந்தக் காதின் மேலேயே வைத்திருந்தான்.

சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அவள் ஓரத்தில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். வங்கிக்காரர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். ஆட்டம் தெரியாத சடக்குக்கே அது புரிந்தது, பிழைத்துக்கொண்டவன் விடுகிற மூச்சு அது. அதற்கப்புறம் அவள் கை தடுமாறியது. தோற்றாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "படத்தக் காட்டுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகக் கேட்க மாட்டாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் வங்கிக்காரரின் வெளுத்த முகத்தில் நின்றாள்.

"இது எப்போ?"

"குதிரைய நகர்த்தினாரே, அப்போ."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பலகையை மனதில் திரும்ப அடுக்கிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "அவரு ராணிய வெட்டியிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "படமெல்லாம் கோடு கோடா இருக்கு."

"அந்த லைட்டுக்கு அப்படித்தான் வருமாம்."

"பேட்டரியும் சீக்கிரம் போயிடுதுன்னீங்க."

"ம்."

"பிடியும் சின்னதா இருக்கு. உங்க கைக்குப் பழசுதான் சரி." மறுபடி படத்தைப் பார்த்தாள். "நாளைக்குக் கடைசி ஆட்டம். ஜெயிச்சா மூணாவது இடம். படம் நல்லா வரணுமில்ல. பழசுலயே எடுங்க."

அவன் "சரி" என்று சொல்லவில்லை. "ஏன்" என்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேமராவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் என்ற ஒன்றை மட்டும் இருவரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது?

காலையில் அவன் இரண்டு கேமராவையும் ஒரே பையில் போட்டான். முடிவு செய்யத் துப்பில்லாதவன் வேறென்ன செய்வான்? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தான். பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான். ஒரு தடவை மிரர்லெஸ்ஸின் மேல் கை போகும். இவ்வளவு வருடம் உழைத்தவள் சுத்தமாக ஜெயிக்கட்டும் என்று தோன்றும். அடுத்த நிமிடம், இவ்வளவு வருடம் உழைத்தவளுக்கு ஒரு சின்ன சத்தத்தை இல்லையென்று சொல்ல நான் யார் என்று தோன்றும். மனைவி ஜன்னலோரமாக உட்கார்ந்து, டிப்போவிலிருந்து கிளம்பிப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூடத்துக்குள் போனதும் கை பழசைத்தான் எடுத்தது. யோசித்து எடுத்தான் என்று சொல்ல முடியாது. அவள் ஒன்று கேட்டு அவன் மறுத்துப் பழக்கமில்லை.

எதிரே ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளக் கற்றவள். முதல் படத்தை எடுத்தான். 'சடக்.' நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த பல் டாக்டர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அலுப்பாகப் பார்த்துவிட்டு, குனிந்துகொண்டார். சடக்குக்குக் காது மடல் சுட்டது.

கண்டதையும் எடுத்துத் தள்ளிவிடலாம், சத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் செய்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் முயன்றான். கடிகாரம், நாற்காலிக் கால், யாருடைய தண்ணீர் பாட்டிலோ. நடுவர் அம்மா உதட்டில் விரலை வைத்தாள். நிறுத்திக்கொண்டான்.

ஆட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது. கல்லூரிப் பெண் யானையை எடுத்தாள், வைத்தாள், கையை எடுத்தாள். முகம் அசையவே இல்லை. ஆனால் மேலுதட்டை அவளால் என்ன செய்ய முடியும்? வெளுத்தது. தொண்டை ஏறி இறங்கியது.

விரல் பொத்தானின் மேல் இருந்தது. பாதி அழுத்தமும் அழுத்திவிட்டது. ஃபோகஸ் விழுந்து, ஓட்டைக்குள் ஒரு புள்ளி சிவந்து மறைந்தது. இன்னும் ஒரு நெல் அளவு அழுத்தினால் போதும். மனைவி நகர அணிக்குப் போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு விரலைப் பிடித்து நிறுத்தினான்.

மனைவியின் பக்கம் திருப்பினான். கழுத்து சாய்ந்திருந்தது. காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். தலையை நிமிர்த்தி நேராக அவனைப் பார்த்தாள்.

குட்டித் திரையில் தெரிகிற படமாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பான். இது கண்ணாடியில் பட்டு நேரே வருகிற வெளிச்சம், அவள் முகமேதான். அந்த முகம் கேட்டது. 'ஏன் அழுத்தல?' என்று கேட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாமல் காது மட்டும் பழகிப்போயிருக்கும் என்று நேற்றிலிருந்து தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தவனுக்கு அந்த இடத்தில் எல்லாம் உடைந்தது. அவளுக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். அவனுக்கு வலித்தது. தன்னைத் தன் மனைவி ஒரு அழைப்பு மணி மாதிரி வைத்திருந்திருக்கிறாள் என்பது வலித்தது. அதைவிட, மணியாக இருந்ததில் தனக்கு இத்தனை நாள் ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது என்பது இன்னும் வலித்தது.

கேமராவை இறக்கினான். மேஜைகளுக்கு நடுவே நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தான். தண்ணீர் குடித்தான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை எழுத்து விடாமல் படித்தான். படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

கதவு திறந்து அவள் வந்தாள்.

"டிரா" என்றாள். "நாலாவது இடம்."

அவன் அறிவிப்பிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினான்.

"நீங்க அழுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் வெளிய வந்தீங்களா?"

"ஆமா."

அவள் அறைவாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அறையவில்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "மொதல்ல எனக்கும் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. ஒரு ஆட்டத்துல தோணுச்சு, நீங்க எடுத்தா ஏதோ இருக்குன்னு. அடுத்த ஆட்டத்துல பாத்தேன், இருந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வர்றத நிறுத்திடுவீங்க. நீங்க உள்ள நின்னாதான் எனக்குக் கை நடுங்காது. சத்தத்துக்காக நீங்க வேணுமா, உங்களுக்காக நீங்க வேணுமான்னு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியாமப் போச்சு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நீங்க கேமராவ இறக்கினப்பவே, அவ ஏதோ தப்பு பண்ணிட்டான்னு புரிஞ்சுபோச்சு. தேடியிருந்தா கிடைச்சிருக்கும். தேடல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தெரிஞ்சே வேற பக்கம் நகர்த்தினேன். உள்ள பதறுது, கை போய் அவ நகர்த்தின யானை கிட்டயே நிக்குது, இழுத்துக்கிட்டு வந்து வேற காய நகர்த்தினேன். டிராவுக்குக் கிடைச்ச அந்த அரைப் புள்ளி என்னோடது. அது மட்டும் நிச்சயமாத் தெரியும். வீட்டுல இருக்கிற பரிசுக் கோப்பையில எது என்னோடது, எது உங்க விரலோடதுன்னு யாரு சொல்லுவா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கையை உருவிக்கொண்டு அவள் எழுந்தாள். "அந்த டாக்டர் இன்னும் உள்ளதான் இருக்காரு. இடி விழுந்தாலும் தெரியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அத எல்லார் முன்னாடியும்தான் திருப்பி எடுத்துக்கணும்."

"அடுத்த வருஷம் உன்ன ஆடவே விட மாட்டாங்க."

"விடாட்டி போகட்டும்."

"நானும் வர்றேன்."

"நீங்க வேண்டாம். இது நான் சொன்ன பொய்."

போய்விட்டாள். அவன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றான். டாக்டர் தன் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. பேசுவது கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நடுவர் அம்மா எழுந்து வந்தாள். டாக்டரின் முகத்தையே பார்த்தான் சடக்கு. வெற்றி இல்லை, கோபமும் இல்லை. எத்தனையோ முகம் பார்த்த அவனுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். உட்கார்ந்ததும் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது.

அன்றைக்கு இந்தக் கூடம் மொத்தமும் சிரிக்கக் காரணமானவன் யார்? பல்லைப் பற்றிப் பேசிய அந்த வாய் இப்போது இந்தப் பக்கம் பத்திரமாக மூடிக்கொண்டு நிற்கிறது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு கேமராவும் இருந்த பையைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவன் வருவதை டாக்டர் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, பல்லைப் பற்றிப் பேசிய அதே வாயைத் திறந்தான்.

டாக்டர் அவன் மேலுதட்டைப் பார்த்தார். எழுந்து, இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.